ஆண்டறிக்கை வாசிக்கும் நேரம்

பள்ளி ஆண்டு விழாவில் நான் காத்திருந்து கேட்பது ஆண்டறிக்கையைத்தான். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் இதைச் சொன்னால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பிள்ளையைப் படிக்க அனுப்பிய வீட்டார், பிள்ளை ஆடுவதைப் பார்க்கத்தான் விழாவுக்குக் கிளம்புகிறார்கள். கையில் செல்போன், இடுப்பில் கைக்குழந்தை, பையில் தண்ணீர் பாட்டில். தலைமையாசிரியர் காகிதக் கட்டோடு மைக் முன்னால் வந்து நின்றதும் கூட்டம் தன் பேச்சுக்குத் திரும்பிவிடும். வேஷம் கட்டிய பிள்ளைகள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். மைக்செட்காரர் டீ குடிக்க எழுந்து போவார். ஒரு பள்ளிக்கூடம் தன் ஓராண்டு வாழ்க்கையைத் தன் வாயாலேயே சொல்வது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

எல்லாப் பள்ளிகளிலும் அறிக்கை உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகளின் அறிக்கைக்குத் தனி நடை ஒன்று இருக்கிறது. எதை முதலில் சொல்வது, யாரை எந்த இடத்தில் நினைப்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் பல தலைமுறைகளாகப் பழகிப் படிந்த முறை. பாதிரியாரோ கன்னியாஸ்திரியோ சம்பளத்துக்கு வந்த ஆசிரியரோ, எழுதுகிறவர் யாரானாலும் அந்த முறைக்குள் வந்துவிடுகிறார். நம்மூர் எழுத்து வகைகளில் மதிப்பிட ஆளில்லாமல் கிடக்கும் ஒன்று என்று இதை நினைக்கிறேன். அதன் நயத்தை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அது வரும் பருவத்தைச் சொல்ல வேண்டும். ஜூனில் தொடங்கும் பள்ளி ஆண்டு எங்கள் மானாவாரிச் சீமையில் முடிகிற நேரம் மாசியும் பங்குனியும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்ததெல்லாம் வீடு வந்து சேர்கிற காலம். மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கத்து ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குண்டு வத்தல் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறும் வெயிலில்தான் பிள்ளைகள் மாடல் தேர்வு எழுதுகிறார்கள். பருத்தி எடுக்க ஆள் கிடைக்காத வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்குப் போகாது. கண்மாயில் தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடக்கும். கோயில்களில் பங்குனிப் பொங்கலுக்குக் கால் நடுவார்கள். மாதா கோயிலில் தவக்காலம் நடக்கும். விளைந்ததும் விளையாததும் தெரிந்துபோன இந்த நேரத்தில் கணக்குச் சொல்ல எழுந்து நிற்பது பள்ளிக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

அறிக்கையின் முதல் வாக்கியம் இறைவனுக்கு நன்றி. இதைச் சடங்கு என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கத்தோலிக்க வீடுகளில் கடிதம் எழுதினால் தலைப்பில் சே.ம.சூ. என்று மூன்று எழுத்துப் போட்டுவிட்டுத்தான் சங்கதிக்கு வருவார்கள். சேசு, மரி, சூசை. சேசு சபைப் பள்ளிகளில் படித்தவர்கள் நோட்டின் உச்சியில் ஏ.எம்.டி.ஜி. என்றும் கட்டுரையின் அடியில் எல்.டி.எஸ். என்றும் எழுதிப் பழகியவர்கள். முன்னது இறைவனின் மேலான மகிமைக்காக, பின்னது இறைவனுக்கு என்றும் புகழ். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் அறிக்கையின் முதல் வாக்கியம். எழுதப்போவது தன் பெருமையை அல்ல என்று எழுதுகிறவர் தனக்கே சொல்லிக்கொள்கிறார். அடுத்த பத்தியில் தேர்ச்சி விகிதத்தைப் பெருமையாகச் சொல்லத்தான் போகிறார். ஆனாலும் அந்த வாக்கியம் முன்னால் நிற்பதால் பின்னால் வரும் பெருமையின் குரல் கொஞ்சம் தணிகிறது.

அடுத்து வருவது எண்ணிக்கை. மாணவர் எத்தனை, மாணவியர் எத்தனை, விடுதியில் தங்கிப் படிப்போர் எத்தனை. நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு பிரதியில் விடுதி எண்ணை மட்டும் அச்சின்மேல் நீல மையால் அடித்து, ஒன்று குறைத்து எழுதியிருந்தார்கள். அச்சான பிறகு ஒரு பிள்ளை விடுதியை விட்டுப் போயிருக்கிறது. முந்நூறு பேர் முன்னால் வாசிக்கப்போகும் அறிக்கையில் ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த ஒன்று எந்தப் பிள்ளை என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். பேனாவை எடுத்துத் திருத்திய அந்தக் கோட்டில் ஒரு பள்ளியின் குணம் முழுவதும் இருந்ததாக எனக்குப் பட்டது.

பிறகு ஆசிரியர் மாற்றம். வந்தவர், போனவர், ஓய்வு பெறுபவர். குருக்களும் கன்னியரும் நடத்தும் பள்ளியில் இந்தப் பகுதிக்குத் தனிக் கனம் உண்டு. சபை மேலிடம் சொன்ன இடத்துக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். ஆறு வருஷம் ஹெச்.எம்.மாக இருந்த சிஸ்டர் மே மாதம் கிளம்பினால் ஜூன் மாதம் அவர் வேறு மாவட்டத்து விடுதியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கவனித்துக்கொண்டிருக்கலாம். அறிக்கையில் அந்தப் பிரிவுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்தில் ஒருவருக்கு ஓர் அடைமொழி. இந்த அடைமொழிகளை நான் மிகவும் ரசிப்பவன். அயராது உழைத்தவர் என்றால் கட்டடம் எழுப்பியவர். அமைதியாகப் பணியாற்றியவர் என்றால், ஸ்டாஃப் ரூமில் யாரோடும் சண்டைக்குப் போகாமல் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். கண்டிப்பும் கனிவும் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் அவரிடம் அடி வாங்காத பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. கடைசி நாளில் அவருக்காக அழாத பிள்ளையும் இல்லை. ஒரே சொல்லில் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்துவது எளிய காரியமல்ல. தலைமையாசிரியர் அந்தச் சொல்லைத் தேடி இரவில் உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இறந்தவர்களைப் பற்றிய பகுதிக்கு வரும்போது நடை அடியோடு மாறுகிறது. அதுவரை தாராளமாக வந்துகொண்டிருந்த அடைமொழிகள் நின்றுவிடும். பெயர், வகுப்பு, தேதி, அவ்வளவுதான். விடுதியில் சமைத்த அம்மாள் ஒருவர், பழைய தாளாளர் ஒருவர், ஏதாவது ஒரு வருஷம் ஒரு மாணவன். மாணவன் பெயர் வாசிக்கப்படும் வருஷம் பந்தலில் பேச்சு தானாக நிற்கும். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண் அதை மார்போடு அணைத்துக்கொள்வாள். துக்கத்துக்கு அலங்காரம் கூடாது என்பது பெரிய எழுத்தாளர்களே தாமதமாகக் கற்றுக்கொள்ளும் பாடம். எங்கள் பள்ளி அறிக்கைகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

இந்த நடை எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை நானூறு வருஷம் பின்னால் போகிறது.

சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், உலகின் எந்த மூலையில் இருந்தாலும் தம் சபையார் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பியவர். முதலில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை எழுதினார்கள். 1565-க்குப் பிறகு அது ஆண்டுக் கடிதமாக நிலைபெற்றது. 1606-இல் இராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தார். அவர் வழியில் உருவான மதுரை மிஷனிலிருந்து ஆண்டுதோறும் ரோமாபுரிக்குக் கடிதங்கள் போயின. அந்த ஆண்டு ஞானஸ்நானம் எத்தனை, இறந்த குருக்கள் யார், புதிதாகக் கட்டிய கோயில் எது, எந்த ஊரில் என்ன துன்பம் என்று வரிசையாகச் சொல்லும் கடிதங்கள். கடல் கடந்து போய்ச் சேரவே பல மாதம் பிடிக்கும்; ஒரு கப்பல் மூழ்கினால் இன்னொன்றாவது சேரட்டும் என்று படி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள்.

இன்று மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதும் யாரும் இந்தக் கடிதங்களைத் தொடாமல் எழுத முடியாது. 1659-இல் திருச்சியிலிருந்து அந்தாம் தே ப்ரோயென்சா பாதிரியார் எழுதிய கடிதத்தில் மைசூர்ப் படை மூக்கறுத்த போரின் கொடுமை பதிவாகியிருக்கிறது. திருமலை நாயக்கருக்குத் துணையாக அந்தப் போருக்குப் படையோடு போனவர் ராமநாதபுரம் சேதுபதி. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையும் அந்தச் சேதுபதிகளின் நாட்டைச் சேர்ந்ததுதான். போரை நேரில் கண்டவர்களின் பேச்சு அடங்குவதற்குள் எழுதப்பட்ட கடிதம் அது. 1709-இல் மறவர் நாட்டைப் புரட்டிப்போட்ட புயலையும் வெள்ளத்தையும் பற்றிப் பீட்டர் மார்ட்டின் பாதிரியார் எழுதியிருக்கிறார். நம் கண்மாய்கள் உடைந்த கதை பிரெஞ்சில் எழுதப்பட்டு ஐரோப்பாவில் வாசிக்கப்பட்டிருக்கிறது.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1830-களின் கடைசியில் சபையார் மதுரைக்குத் திரும்பி வந்தபோது தலைவராக இருந்த பெர்த்ராந்து பாதிரியார் செய்த காரியம் எனக்கு வியப்பளிப்பது. புதிய மிஷனை நிலைநிறுத்தப் போராடியவர், ஊர் திரும்பியபின் பழைய கடிதங்களைத் தேடித் திரட்டி 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாகப் பாரீசில் வெளியிட்டார். சத்தியநாத ஐயர் 1924-இல் வெளிவந்த தம் மதுரை நாயக்கர் வரலாற்று நூலின் பின்னிணைப்பில் அந்தக் கடிதங்களின் பகுதிகளைச் சேர்த்தார். ஆண்டு முடிவில் கடமைக்கு எழுதி அனுப்பியவை வரலாறாக மாறியது இப்படித்தான்.

கடிதம் என்றதும் ஓரியூர் ஞாபகம் வராமல் போகாது. அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் தே பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்துக்கு மை கிடையாது. கரித்தூளை நீரில் குழைத்து எழுதினார். சாவதற்கு முந்தின நாளும் தன் சபையாருக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். 1943-இல் தேவகோட்டையில் சேசு சபையார் தொடங்கிய பள்ளிக்கு அவர் பெயரை வைத்தபோது அவர் இன்னும் புனிதராக அறிவிக்கப்படவில்லை. அது 1947-இல்தான் நடந்தது. அவர் திருநாள் பிப்ரவரி 4. நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடத் தொடங்கும் பருவம் அது.

பழைய ஆண்டுக் கடிதத்துக்கும் இன்றைய பள்ளி அறிக்கைக்கும் உறவு இருக்கிறது என்று சொன்னால் மிகை என்று நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய புனித சூசையப்பர் கல்லூரி, 1880-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சவேரியார் பள்ளி, இவற்றை நடத்தியவர்கள் ஆண்டுதோறும் மேலிடத்துக்குக் கணக்கெழுதிப் பழகிய கைகள். மற்ற சபைகளும் மறைமாவட்டப் பள்ளிகளும் அந்த வழக்கத்தைச் சுற்றுப்புறத்தில் பார்த்து வளர்ந்தவை. டிசம்பர் 31 இரவு பல பங்குக் கோயில்களில் நன்றி வழிபாட்டின்போது பங்குச் சாமியார் அந்த வருஷத்துத் திருமுழுக்கு, திருமணம், இறப்பு எண்ணிக்கையை மக்களுக்கு வாசித்துச் சொல்வார். பள்ளி ஆண்டறிக்கையும் அதே குடும்பத்துப் பிள்ளை.

ஒரே ஒரு வேறுபாடு. இந்தக் காகிதத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பேன். ரோமுக்குப் போன கடிதத்தைச் சரிபார்க்க ரோமில் ஆள் கிடையாது. நம்மூர்க் கதையை நம்மூர் ஆட்கள் இல்லாத இடத்தில் சொன்னார்கள். மதமாற்றத்தின் வெற்றியை உயர்த்திச் சொன்ன பக்கங்களும் அவற்றில் உண்டு. பள்ளி அறிக்கை அப்படித் தப்ப முடியாது. புதிதாகக் கழிப்பறை கட்டியதாக வாசித்தால், அதற்குள் தண்ணீர் வருகிறதா என்று தெரிந்த பிள்ளைகள் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெல்லக் கற்கும் மாணவருக்கு மாலை வகுப்பு நடந்ததாகச் சொன்னால் அந்த மாணவனின் அம்மா பின் வரிசையில் நிற்கிறாள். அதனால் அறிக்கையின் மொழி தானாகவே கவனமாகிவிடுகிறது. செய்ததைச் செய்தோம் என்றும், செய்யாததை முயற்சி நடைபெறுகிறது என்றும் சொல்லும் மொழி. முயற்சி நடைபெறுகிறது என்ற சொல் நாலு வருஷம் தொடர்ந்து வந்து, ஐந்தாம் வருஷம் முடிவடைந்தது என்று மாறும்போது கைதட்டல் கிளம்புமே, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் வரும் அறிக்கைகளைச் சேர்த்து வைத்து வாசித்தால் ஓர் ஆழ்குழாய்க் கிணறு நாவல் பாத்திரம்போல வளர்வதைப் பார்க்கலாம்.

தண்ணீர் இல்லாத அறிக்கை எங்கள் சீமையில் கிடையாது என்றே சொல்லலாம். மரக்கன்று நட்டதாக வரும், அடுத்த வருஷம் அவற்றில் எத்தனை பிழைத்தன என்று வரும். குண்டாறு ஓடுகிற ஊரில்கூட லாரித் தண்ணீர் வாங்கிய செலவு ஒரு வரியாக எட்டிப் பார்க்கும். மழை நன்றாகப் பெய்த வருஷத்து அறிக்கையைத் தனியாகச் சொல்லிவிடலாம். அதில் விடுதிப் பிள்ளைகள் எண்ணிக்கையும் கூடியிருக்கும், நன்கொடையாளர் பட்டியலும் நீண்டிருக்கும்.

விடுதியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வானம் பார்த்த பூமியிலிருந்து பிள்ளையைப் படிக்க வெளியே அனுப்புவது இங்கே பழைய வழக்கம். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வெங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, திண்டுக்கல்லுக்கும் பிறகு மதுரைக்கும் போய்ப் படித்தார். மதுரையில் அவர் படித்தவை ஸ்காட் மிடில் ஸ்கூலும் அமெரிக்கன் மிஷன் பள்ளியும். ராமேசுவரத்து அப்துல் கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி வழியாகத் திருச்சி சூசையப்பர் கல்லூரிக்குப் போனார். இவ்வளவு பெயர் பெறாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு ஆர்.சி. போர்டிங்குகளுக்குப் போயிருக்கிறார்கள். மூன்று வேளைச் சோறும் விளக்கும் உறுதி என்ற ஒரே காரணத்துக்காகவே அனுப்பிய வீடுகள் அதிகம். பள்ளியில் மார்க் வாங்கியவன் பெயரைச் சொல்லும் அறிக்கை, விடுதிப் பகுதியில் பெயர்களைச் சொல்வதில்லை. அங்கே வருவது அரிசி தந்த உபகாரிகள், போர்வை தந்தவர்கள், மருத்துவ முகாம் நடத்திய டாக்டர்கள். தந்தவர் பெயரைச் சொல்லி, வாங்கிய பிள்ளையின் பெயரை மறைக்கும் இந்த நாகரிகத்தை யாரும் விதியாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் கேட்ட எந்த அறிக்கையும் அதை மீறியதில்லை.

அறிக்கையில் ஒரே வரியில் முடிந்துபோகும் சில செய்திகளுக்குள் ஒரு முழுநாளே இருக்கும். பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்காகச் சிறப்புத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது என்று வரும் வரி அப்படிப்பட்டது. அந்த நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பீடத்தின் முன்னால் ஒரு மேசை, மேசையில் எவர்சில்வர் தட்டுகள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வரிசையாக வந்து பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் அந்தத் தட்டுகளில் வைக்கிறார்கள். தன் பேனா மாறிவிடக் கூடாது என்று மூடியில் நூல் சுற்றியவன் ஒருவன், பெயர் எழுதிய சீட்டை ஒட்டியவள் ஒருத்தி. ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்போது ஹால் டிக்கெட் போட்டோவில் ஈரம் படாமல் இருக்கச் சிஸ்டர் ஒருவர் மேலே பிளாஸ்டிக் தாளை விரிக்கிறார். வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருக்கும். காலையில் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, மாதா கோயிலில் பேனா வைத்துவிட்டு, சாயங்காலம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகும் பிள்ளைகள். தொப்பி போட்ட பையனும் அதே வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பான். ஃபாதர் எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு தீர்த்தம்தான் தெளிக்கிறார். அறிக்கை இதையெல்லாம் சொல்லாது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு விளையாட்டுப் போட்டிக்குப் போய்விடும்.

விளையாட்டு, சாரணர், செஞ்சிலுவை, நாட்டு நலப்பணி, நன்னெறி வகுப்பு, இவையெல்லாம் பட்டியல்கள். இவற்றில் நயம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறுவட்டப் போட்டியில் முதலிடம், மாவட்டப் போட்டியில் பங்கேற்பு என்று வருவதில் பங்கேற்பு என்ற சொல்லின் அடக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

மார்க்கைப் பற்றிய பகுதியில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய மிடுக்கு உண்டு. 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்த விருதுநகர் மாவட்டம், காமராசர் பிறந்த மண். பிளஸ் டூ தேர்ச்சியில் பலமுறை மாநிலத்தின் முதலிடம் பிடித்திருக்கிறது, 2018-இல் 97.05 சதவீதம், 2023-இல் 97.85 சதவீதம். மழையும் தொழிலும் வஞ்சித்த ஊர்கள் நிறைந்த மாவட்டம் படிப்பில் முன்னே நிற்பதன் காரணத்தை ஒருவர் தேடினால், அரசுப் பள்ளி, உறவின்முறைப் பள்ளி, மிஷன் பள்ளி என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே தேர்ச்சி என்பது குடும்பத்துக்கு அடுத்த தலைமுறைச் சோறு. அதனால் அறிக்கையில் நூற்றுக்கு நூறு என்று வாசிக்கும்போது மட்டும் மைக்செட்காரரும் திரும்பி வந்துவிடுகிறார்.

ஆனால் அறிக்கையின் தரத்தை நான் அளப்பது அதன் அடுத்த வாக்கியத்தில். அந்த நூறு வராத வருஷத்தில், தோற்ற இரண்டு பேரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வருஷம் ஒரு தலைமையாசிரியர், உடனடித் தேர்வில் அந்த இருவரும் தேறினர் என்று தனி வாக்கியமாகச் சேர்த்து வாசித்தார். தேர்வு முடிவு வந்த நாளில் பேப்பரில் வராத வெற்றி அது. அதற்கு இடம் இருந்தது ஆண்டறிக்கையில் மட்டும்தான்.

அரசாங்கத் திட்டங்களையும் அறிக்கை தவறாமல் சொல்கிறது. சைக்கிள், பஸ் பாஸ், பாடநூல், சத்துணவு. 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் அது நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி தொடக்க இடமானது. பள்ளி கட்டியது சபை, சம்பளம் கொடுப்பது அரசு, பிள்ளை ஊருடையது. மூன்று கை சேர்ந்து இழுக்கும் தேர் இந்தப் பள்ளிகள் என்பதை நன்றி சொல்லும் அந்தப் பகுதி அமைதியாகச் சொல்லிவிடுகிறது.

கடைசியில் வரும் நன்றிப் பட்டியலை மட்டும் எழுந்து போகாமல் கேளுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். ஆயரில் தொடங்கி, தாளாளர், கல்வி அதிகாரிகள், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று இறங்கி வரும். இறங்க இறங்கத்தான் சுவை கூடும். அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், ஆட்டோ ஓட்டுபவர், மணி அடிப்பவர். நான் கேட்ட ஓர் அறிக்கையில் துப்புரவு செய்யும் அம்மாளின் பெயரை அப்பா பெயரோடு முழுமையாக வாசித்தார்கள். பந்தலின் ஓரத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்தவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டார். மேடையிலிருந்தும் ஒரு கும்பிடு வந்தது. ஊர்க்கூட்டம் ஒன்றில் அவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது அதுதான் முதல் தடவை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

இப்போது பல பள்ளிகளில் அறிக்கை வாசிப்பது நின்றுவருகிறது. திரையில் படங்கள் ஓடுகின்றன, பின்னணியில் இசை, ஒவ்வொரு படத்துக்கும் அடியில் இரண்டு சொல். அழகாகவே செய்கிறார்கள். ஆனால் நீல மையில் திருத்திய எண்ணுக்கும், தேடிப் போட்ட அடைமொழிக்கும், முயற்சி நடைபெறுகிறது என்ற நாணயத்துக்கும் அந்தத் திரையில் இடம் இல்லை. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்: படக்காட்சி அறிக்கைக்கு ஈடாகாது. படம் நடந்ததை மட்டும் காட்டும். நடக்காததைச் சொல்ல எழுத்து வேண்டும்.

அச்சில் வந்த பழைய அறிக்கைகளும் ஆண்டு மலர்களும் வேறு வழியில் அழிகின்றன. சிவகாசியில் அச்சாகி வந்த மலர், பள்ளியில் இரண்டு பிரதியும் மாணவர் வீட்டில் ஒரு பிரதியுமாகத் தங்கி, வெள்ளையடிக்கும் வருஷத்தில் எடைக்குப் போகிறது. காகிதம் அழிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்ல. யாழ்ப்பாணப் பொதுநூலகம் உருவாக முன்நின்றவர்களில் ஒருவர், 1850-இல் தோன்றிய புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார். 1981-இல் அந்த நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்விட்டார். அது பகைவர் வைத்த தீ. நம் பள்ளி மலர்களைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புவது நம் கைதான்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ பள்ளி ஆண்டு மலரோ, சைக்ளோஸ்டைல் எடுத்த அறிக்கையோ, ஆசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த குரூப் போட்டோவோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் வருஷத்தையும் தெரிந்த பெயர்களையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதி படித்த பள்ளிக்கே திரும்பப் போகட்டும். அங்கே வைக்க இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, சேசு சபையாரின் பழைய ஏடுகளை நெடுங்காலம் காத்த கொடைக்கானல் செண்பகனூர் போன்ற இடங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குனிக்கு மேடையில் படம் காட்டுங்கள், பாட்டுப் போடுங்கள். ஆனால் அறிக்கையை எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.